வீட்டிலேயே இரத்தச் சர்க்கரை பரீட்சித்தல்

(சிம்மக்கல்லில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சென்ற கூட்டம் முடிந்து படியிறங்குகையில், நம் காரியதரிசி அவர்கள் என் கையைப் பற்றிக்கொண்டு, அடுத்த மாதம் யான் ஏதேனுமொரு விஷயம் பற்றிப் பேசவேண்டுமென்று பணித்தார்கள். யான் வைத்தியனல்லேன், நூல் பல கற்றவனுமல்லேன், கடையில் தராசு பிடித்துக் காலங்கழித்தவன். ஆதலால் முதலில் மறுத்தேன். பின்னர், என் குடும்பத்தில் நேர்ந்து, தெய்வாதீனமாய் நற்கதியில் முடிந்த ஓர் ஆபத்தை இச்சபைக்கு உரைத்தால், இங்குள்ள ஒரு வீட்டிற்கேனும் அது உதவக்கூடும் என்று தோன்றியமையால் இசைந்தேன். அந்த ஆபத்திற்கு ஆளான என் தமையனார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே பேசுகிறேன்.

சர்க்கரை வியாதி இன்னதென்று இச்சபைக்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் தேசமெங்கும் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, பாரத தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இவ்வியாதியுடையர். நம் தமிழ்நாட்டில் இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 14.4 பேர். ஏறக்குறைய ஏழு பேர்க்கு ஒருவர். இம்மண்டபத்தில் நாற்காலி நூற்றைம்பது போட்டிருக்கிறோம். கணக்கை நீங்களே செய்துகொள்ளுங்கள். ஆனால், "உமக்குச் சர்க்கரை உண்டா?" என்று நம்மவர் ஒருவரைக் கேட்டால், "கொஞ்சம் இருக்கிறது என்றார்கள்; இப்போது ஒன்றுமில்லை" என்பதே விடையாகும். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

என் தமையனார் யானைக்கல்லில் பல வருஷம் பழவியாபாரம் செய்தவர். அவர்க்கு இவ்வியாதி வந்து நெடுங்காலமாயிற்று. மாத்திரைகளால் அடங்காமல், காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையை அடைந்திருந்தார். வியாதி உண்டென்பது வீட்டார் அனைவர்க்கும் தெரியும். அதன் அளவு ஒருவர்க்கும் தெரியாது. ஏனெனில், அக்காலத்தில் அவருடைய இளைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோம். உறவினர் வருவதும் போவதுமாக இருந்த வீட்டில், விரலில் ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பிறர் காண்பது குடும்பத்திற்கு நல்லதன்று என்று அவர் எண்ணினார். ஆகவே குளுக்கோமீட்டர் என்னும் அச்சிறு கருவியைக் கடைக்குக் கொண்டுசென்று கல்லாப்பெட்டிக்குள் வைத்து, ஆளில்லாத நேரம் பார்த்துப் பரீட்சித்துக்கொள்வார். எண்ணை எழுதிவைப்பதுமில்லை, வைத்தியரிடம் சொல்வதுமில்லை.

ஒருநாள் மாலை வியாபாரம் மும்முரமாக இருந்தது. வந்தவர்க்கெல்லாம் கமலா ஆரஞ்சை உரித்துச் சுளை கொடுத்து ருசி பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் சற்றுக் குறைந்ததும், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, விரலைக் குத்தி, இரத்தத்துளியைக் கருவியிற் காட்டினார். 412 என்று காட்டிற்று. காலையில் 150-க்குள் இருந்தது அவர்க்கு நினைவிருந்தது. திடுக்கிட்டார். எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீடு வந்து, வழக்கமான ஊசியோடு தம் யோசனையாகவே பத்து யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். பயத்தினால் இராச்சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்தார்.

நடுநிசி கழிந்து, இரண்டு மணிக்கு என் அண்ணியார் விழித்துப் பார்த்தபோது, படுக்கை முழுதும் வியர்வையால் நனைந்திருந்தது. எழுப்பினால் கண் திறக்கிறார். பேசினால் நாக் குழறுகிறது. யாரென்று கேட்டால் விடை பொருந்தவில்லை. ஒருவர் பக்கவாதம் என்றார். மற்றொருவர், பெரியவர் இந்த வயதிற் குடிக்கத் தொடங்கிவிட்டாரோ என்று காதோடு காதாகக் கேட்டார். யான் வண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டு ஒன்றுந் தோன்றாமல் நின்றேன். அப்போது தமையனாரின் மருமகள், அவருடைய கடைப்பையைத் திறந்து அக்கருவியை எடுத்து வந்தாள். தன் தகப்பனார்க்குச் செய்து பழகிய பெண் அவள். பையில் கருவி இருப்பதை முன்னமே கண்டிருக்கிறாள். மாமனார் மறைப்பதை மருமகள் கேட்பது மரியாதையன்று என்று வாளாவிருந்திருக்கிறாள். அன்று கேட்கவில்லை, ஈரத்துணியால் விரலைத் துடைத்து, உலரவிட்டு, குத்திப் பார்த்தாள். 38.

அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதை முதலில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துத் தெரிந்துகொண்டாள். பிறகு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரிற் கரைத்து மெல்ல மெல்லக் குடிப்பித்தாள். பதினைந்து நிமிஷங் கழித்து 64. மறுபடியும் சர்க்கரைத் தண்ணீர். பின்னும் பதினைந்து நிமிஷங் கழித்து 96. தமையனார் எழுந்து உட்கார்ந்து, "எல்லாரும் ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். அதன்பின் இரண்டு இட்டிலி தின்னக் கொடுத்துவிட்டு, ஊசியின் வேகம் இன்னும் இருக்குமென்று அஞ்சி, விடியுமட்டும் மணிக்கொரு முறை பரீட்சித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வைத்தியர் வரலாறு முழுதையும் கேட்டுவிட்டு, "நேற்றுப் பரீட்சிக்கும் முன் கையால் என்ன செய்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். ஆரஞ்சு உரித்தேன் என்றார் தமையனார். 412 என்பது அவருடைய இரத்தத்தின் சர்க்கரை மட்டுமன்று, விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றின் சர்க்கரையும் சேர்ந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. இல்லாத சர்க்கரைக்கு ஊசி போட்டு, இருந்த சர்க்கரையையும் இழந்து, உயிர்க்கே மோசம் நேர இருந்தது.

இது அவர் ஒருவர்க்கு நேர்ந்த அபூர்வ சங்கதி என்று கருத வேண்டா. ஜப்பான் தேசத்து வைத்தியர்கள் இதனைச் சோதித்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். வியாதியில்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரிக்கச் சொல்லிக் கை கழுவாமற் பரீட்சித்தபோது, எண் மிக அதிகமாக ஏறிக் காட்டிற்று. ஸ்பிரிட் நனைத்த பஞ்சினால் விரலைத் துடைத்தும் குற்றம் நீங்கவில்லை. குழாய்த் தண்ணீரிற் கழுவிய பிறகே உண்மையான எண் வந்தது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும். சர்க்கரையைக் கரைத்துப் போக்குவது தண்ணீரே. பழம், மிட்டாய், வெல்லம், கருப்பட்டி முதலிய சரக்குகளைக் கையாளும் நம்மவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வொரு செய்திக்காகவே இக்கூட்டம் கூடியதாகக் கொள்ளலாம். கழுவிய கையை நன்றாக உலர்த்துதலும் வேண்டும். ஈரம் இரத்தத்தோடு கலந்தால் எண் குறைந்து காட்டும்.

இனி, இப்பரீட்சை நம் கைக்கு வந்த விதத்தைச் சற்றுச் சொல்கிறேன். சிறுநீர் இனித்து, அதனை எறும்பு மொய்ப்பதைக் கொண்டு இந்நோயை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மதுமேகம் என்ற பெயரே அதைக் காட்டும். எங்கள் தகப்பனார் காலத்தில் வீட்டுப் பரீட்சையென்பது சிறுநீர்ப் பரீட்சையே. நீலநிறமான பெனடிக்ட் திராவகத்தைக் கண்ணாடிக் குழலில் வார்த்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கிற் காய்ச்சுவார். நீலம் மாறாதிருந்தால் அன்று வீட்டில் சந்தோஷம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறமானால் எங்கள் தாயாரின் முகம் வாடிவிடும். அமெரிக்க ரசாயன அறிஞர் ஸ்டான்லி பெனடிக்ட் என்பவர் 1908-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த திராவகம் அது. அதன் குறை யாதெனில், இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினாலன்றிப் பொதுவாகச் சிறுநீரில் அது இறங்குவதில்லை. அதுவும் சில மணி நேரத்திற்கு முந்திய நிலையைத்தான் காட்டும். சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. நீலமாயிருந்த இரவிலேயே ஒருவன் மயங்கிவிழக்கூடும்.

இரத்தத்தையே ஒரு பட்டையிற் சொட்டி நிறங்கொண்டு அளவிடும் முறையை அமெரிக்காவில் ஏம்ஸ் கம்பெனியார் 1965-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அப்பட்டையின் நிறத்தை எண்ணாகக் காட்டும் யந்திரம் சில வருஷங்களிற் பின்தொடர்ந்தது. அதன் விலையோ மிகுதி, பாரமும் மிகுதி, வைத்தியர்க்கன்றி விற்பதுமில்லை. இராக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் ஒருவன் குடித்து மயங்கியவனா, சர்க்கரை தாழ்ந்து மயங்கியவனா என்று பகுத்தறிதல் அதன் உபயோகங்களுள் ஒன்று. (என் தமையனாரைப் பற்றிக் காதோடு காதாகக் கேட்டவர் இதைக் கவனிக்கவேண்டும்.)

அவ்யந்திரத்தை முதன்முதல் தம் வீட்டில் வைத்துத் தம்மைத் தாமே பரீட்சித்துக்கொண்டவர்களுள் பெயர் பெற்றவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்னும் எஞ்சினீயர். பன்னிரண்டாம் பிராயத்தில், 1946-ஆம் ஆண்டில், அவர்க்கு இந்நோய் கண்டது. நோயாளிக்கு யந்திரத்தை விற்கமாட்டோமென்று கம்பெனியார் கூறவே, வைத்தியராகிய தம் மனைவியின் பெயரால் அதை வாங்கினார். நாடோறும் பல முறை பரீட்சித்து, எவ்வாகாரத்திற்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிவைத்து, தம் உடம்பைத் தாமே கற்றார். அதை வைத்தியப் பத்திரிகைகளுக்கு எழுதியனுப்பியபோது, நோயாளியொருவன் எழுதியதை அவர்கள் ஏற்கவில்லை. அதனால் நாற்பத்தைந்தாம் பிராயத்தில் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து தாமும் டாக்டரானார். தொண்ணூறு பிராயம் வரை வாழ்ந்து 2025-ஆம் ஆண்டில் காலமானார். நோயாளிகள் வீட்டிலேயே பரீட்சித்துக்கொள்ளலாம், அதனால் நன்மையுண்டு என்று இங்கிலாந்து தேசத்து வைத்தியர்கள் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறகே இவ்வழக்கம் உலகில் பரவலாயிற்று.

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சி குறைவன்று. 1948-ஆம் ஆண்டிலேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கினார்கள். இன்றோ, அன்று வைத்தியர்க்கும் அரிதாயிருந்த யந்திரம் உள்ளங்கையில் அடங்குகிறது. ஐந்து விநாடியில் எண்ணைக் காட்டுகிறது. பட்டையொன்று இருபது ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது. பெர்ன்ஸ்டைன் மனைவியின் பெயரைச் சொல்லி வாங்கிய கருவியை, நம்மவர் மனைவிக்குத் தெரியாமல் வாங்கி வைக்கிறார்கள்.

இக்கருவி காட்டும் எண்ணைப் பற்றியும் தெளிவு வேண்டும். அது தராசுபோல் நுட்பமானதன்று. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின்னாக இருக்கலாமென்று உலகத் தர நிர்ணயமே இடங்கொடுக்கிறது. ஆகவே நேற்று 140, இன்று 152 என்று ஒருவர் வருந்துவது வீண். 140 இருந்தவிடத்தில் 260 வந்தால் அது செய்தி. அதையும் கை கழுவி மற்றொரு முறை பார்த்த பின்னரே நம்ப வேண்டும். மேலும், வியாதியுண்டா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் இக்கருவிக்கில்லை. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-ம் அதற்கு மேலும் வியாதியின் அடையாளமென்பது உண்மையே. எனினும் அது கை நரம்பில் எடுத்த இரத்தத்தைப் பரீட்சைச்சாலையில் சோதித்து வைத்தியர் சொல்ல வேண்டுவது. வியாதியுள்ளவர்கள் பெரும்பாலோர்க்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், உணவுக்குப் பின் 180-க்குக் கீழும் இருத்தல் நலமென்பர். வயது முதிர்ந்தோர்க்கும், அடிக்கடி தாழ்ந்துபோகிறவர்க்கும் வைத்தியர் இதைத் தளர்த்துவார். உணவுக்குப் பின் என்றால், முதற்கவளம் வாயில் வைத்தது முதல் இரண்டு மணி நேரம். நம்மவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, உறங்கியெழுந்து அதன்பின் மணி பார்க்கிறார்கள்.

விருந்துண்டதற்கு மறுநாட் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, "எண் நன்றாயிருக்கிறது" என்று மகிழ்வதும் பிழையாகும். ஒரே வேளை உணவின் முன்னும் பின்னும் ஜோடியாகப் பார்த்தாலன்றி அவ்வுணவு நமக்கு என்ன செய்கிறதென்று தெரியாது. தமையனார் இப்போது அவ்வாறே செய்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகத்தை நேற்று வாங்கிப் பார்த்தேன். ஒருநாட் காலை, உணவின் முன் 128, ஐந்து இட்டிலி தின்றபின் 246. பிறிதொரு நாள், முன் 131, மூன்று இட்டிலியும் ஒரு கிண்ணம் சுண்டலும் தின்றபின் 178. இட்டிலி பஞ்சுபோல் மிருதுவானது, நோயாளிக்கு ஏற்றது என்று ஊரார் அவர்க்கு நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். யாரும் சொல்லித் திருத்த முடியாத அந்த எண்ணத்தை அவருடைய விரலே திருத்திற்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று, வைகைக்கரைப் பந்தலில் ஒரு குவளை பானகம் குடித்தபின் எழுதியிருந்த எண்ணை அவர் சொல்ல வேண்டாமென்றார், சொல்லவில்லை. அடுத்த வருஷம் நீர்மோர்ப் பந்தலில் நின்றார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்நோட்டுப் புத்தகம் எங்கே இருக்கிறது தெரியுமா? பூஜையறைக்கு வெளியே, காலண்டர் தொங்கும் ஆணியில். வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் எண்ணை எழுதுகிறார்கள்.

சில்லறைச் சங்கதிகளும் உண்டு. பட்டைகளை அவற்றின் டப்பாவிலேயே வைத்து, எடுத்தவுடன் மூடிவிட வேண்டும். காற்றின் ஈரமும் நம் மதுரைக் கோடையின் வெப்பமும் அவற்றைக் கெடுக்கும். அடுப்படி அலமாரியும், வெயில் படும் கல்லாப்பெட்டியும் அவற்றுக்கு ஏற்ற இடமல்ல. டப்பாவில் அச்சிட்ட காலம் கடந்தவற்றைச் சிக்கனங் கருதி உபயோகிப்போர் நம்முள் உளர். பொய் எண்ணுக்குக் காசு கொடுத்தவராவர். விரலின் நுனிநடுவிற் குத்தாமல் பக்கவாட்டிற் குத்தினால் நோவு குறையும். இரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் சதைநீர் கலந்து எண் பிசகும். கையைக் கீழே தொங்கவிட்டு மெல்ல நீவினால் போதும். இவையெல்லாவற்றினும் முக்கியமானது, ஒருவரைக் குத்திய ஊசியை மற்றொருவர்க்கு உபயோகிக்கக் கூடாது. குத்தும் பேனாவும் ஆளுக்கு வெவ்வேறாக வேண்டும். ஒரே ஊசியால் வீட்டார் நால்வரையும் குத்திப் பார்த்த குடும்பத்தை யானறிவேன். அவ்வழியே மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ்-பி விஷம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றும். ஊசி ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ச் சரக்கு. குத்தியெறிந்த ஊசியைக் குப்பையிற் போடாமல் கெட்டியான டப்பாவில் அடைத்து வையுங்கள். குப்பை பொறுக்குவோரும் மக்களே.

கையிற் கட்டினாலே, இரத்தமின்றிச் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம் என்று சொல்லிக் கடைவீதியில் ஒன்று விற்கிறார்கள். அத்தகையதை நம்ப வேண்டாமென்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்துத் துறையினரே 2024-ஆம் ஆண்டில் எச்சரித்திருக்கின்றனர். கையில் ஒட்டி, நுண்ணிய இழையைத் தோலுக்குள் செலுத்தி இரண்டு வாரம் இரவும் பகலும் கணக்கெடுக்கும் கருவி வேறு. அது மெய்யானது, விலை மிகுந்தது, இன்சுலின் போடுவோர்க்கு மிகப் பயன்படுவது. இரண்டையும் ஒன்றென மயங்க வேண்டா.

தாய்மார்கள் சற்று முன்னே வந்து கேட்க வேண்டுகிறேன்.

தமையனார்க்கு நேர்ந்ததைக் கண்டு அஞ்சி யானும் ஒரு கருவி வாங்கினேன். என் சர்க்கரையை அறிவதே நோக்கம். பார்த்தேன், குற்றமில்லை. டப்பாவில் பட்டைகள் மிஞ்சியிருந்தன. ஆணிடத்தில் பணத்தைச் செலவிட்டதன் மிச்சம் பெண்ணுக்கு வருவது நம் வீட்டு வழக்கமன்றோ! விளையாட்டாக என் மனையாளின் விரலையும் குத்தினேன். "எனக்கென்ன? யான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். 268. சில மாதங்களாக அவள் இராக்காலத்தில் அடிக்கடி எழுந்து தண்ணீர் குடித்தாள், கோடை என்றாள். இளைத்தாள், வேலை என்றாள். காலிற் பட்ட காயம் ஆறவில்லை. அதற்கு மஞ்சள் வைத்தாள். நாற்பது வருஷம் என் இலையில் எதைப் பரிமாறலாம், எதைப் பரிமாறக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தவள், மிஞ்சியதையெல்லாம் வீணாக்காமல் தான் தின்றாள். பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி. நாங்கள் குடியிருப்பது சிம்மக்கல்லில். ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு அருகில் இருந்தும் இத்தனை காலம் யான் அவளை அழைத்துச் சென்றதில்லை. பரீட்சைச்சாலையில் சோதித்து வியாதி உறுதியாயிற்று. அதைவிட என்னை வருத்தியது, கண் வைத்தியர் அவளுடைய கண்ணின் உட்படலத்தில் இரத்தக் கசிவு இருக்கக் கண்டதுதான். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கி உலகப் புகழ் பெற்ற கண்ணாஸ்பத்திரி இருக்கும் ஊர் நம் மதுரை. அவ்வூரில் இருந்துகொண்டு, என் மனையாளின் கண்ணைக் காலத்திற் காட்டத் தவறினேன்.

பெண்கள் விஷயத்தில் மற்றொன்றும் அறியத்தக்கது. இரத்தம் குறைந்து வெளுத்திருப்பவர்க்கு இக்கருவி உள்ளதினும் கூடுதலாகக் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் பிள்ளைபெறும் பிராயத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தக்குறைவு உடையவர் என்பது தேசீயக் குடும்பநலக் கணக்கு. ஆதலால் அவர்கள் கருவியை மட்டும் நம்பாமல் பரீட்சைச்சாலைக்கும் சென்று வருதல் நலம். கர்ப்பிணிகளுக்கோ, சென்னை டாக்டர் வீ. சேஷய்யா அவர்களின் முயற்சியால், எல்லாரையும் சர்க்கரைக்காகச் சோதிக்கும் ஏற்பாட்டை நம் மாகாணமே முன்னின்று செய்திருக்கிறது. பிரசவத்தோடு அது நீங்கிவிட்டது என்று இருந்துவிடாமல், பின்னரும் வருஷந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் வியாதி நிலைத்துவிடும் சம்பவம் மிகுதி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தின்கீழ், பெண் ஊழியர்கள் கருவியோடு வீடு தேடி வருகிறார்கள். நம் வீதிகளுக்கு வந்தபோது, "எங்கள் வீட்டில் அதெல்லாம் யாருக்கும் இல்லை" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டவர் சிலர் இங்கே இருக்கிறீர்கள். யானும் அவர்களில் ஒருவன்.

ஏன் அவ்வாறு சொன்னோம்? அண்டை வீட்டார் காதில் விழும். அவர்கள் மூலம் சம்பந்தம் பேசுவோர் காதில் விழும். இதுவன்றி வேறு காரணமில்லை. நாம் சிறு சமூகம். கொண்ட இடத்திலேயே கொடுத்து, கொடுத்த இடத்திலேயே கொள்கிறோம். தாய் தந்தை இருவர்க்கும் இருந்தால் மக்களுக்கு வரும் சம்பவம் அதிகமென்பது உண்மை. உண்மையாயின், மறைத்த வீட்டுப் பிள்ளையே அதைக் காலத்தில் அறியாமற் கெடுகிறான். ஜாதகத்தைப் பத்து இடங்களிற் காட்டுகிறோம். நோட்டுப் புத்தகத்தை ஒரிடத்திலும் காட்டுவதில்லை. தமையனாரின் மகளுக்கு அந்த வரன் என்னவாயிற்று என்று தாய்மார்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குச் சென்ற செய்தி எப்படியும் தெரிந்துவிடும் ஆதலால், யானே சென்று நடந்ததை ஒளிவின்றிச் சொன்னேன். பிள்ளையின் தகப்பனார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, தமக்கும் தம் தமக்கையார்க்கும் உண்டென்றும், அதை எங்களிடம் எப்படிச் சொல்வதென்று தாங்களும் தயங்கியிருந்ததாகவும் சொன்னார். கல்யாணத்தில் பாயசம் வழக்கம்போல் போட்டோம். வேண்டாமென்றவர்களை யாரும் வற்புறுத்தவில்லை.

சர்க்கரை தாழ்ந்தால் செய்ய வேண்டியதை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்கிறேன். ஏனெனில் இதில் மணிக்கணக்கில்லை, நிமிஷக்கணக்கு. 70-க்குக் கீழ் வந்தாலும், கருவி அகப்படாதபோது வியர்வை, நடுக்கம், படபடப்பு, நாக்குழறல் கண்டாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரிற் கரைத்துக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிஷங் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையானால் திரும்பவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். எண்ணைக் கண்டு தம் யோசனையாக ஊசியைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவுக்குள் அன்றி ஆகாது.

காரியக் கமிட்டியார் என் விண்ணப்பத்திற்கு இணங்கி, வருகிற மாதத்து முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இம்மண்டபத்தில் பரீட்சை நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். கருவியும் பட்டைகளும் சங்கத்தின் செலவு. ஆளுக்கொரு புது ஊசி. வைத்தியர் ஒருவர் வந்திருப்பார். ஆண்கள் தனியே வந்தால் பதிவு செய்வதில்லை என்றும், வீட்டுப் பெண்மக்களை உடனழைத்து வருவோர்க்கே சீட்டு என்றும் தீர்மானித்திருக்கிறோம். முதல் நாள் இரவு எட்டு மணிக்குமேல் தண்ணீரன்றி வேறொன்றும் உட்கொள்ளாமல், காலையிற் காப்பியும் குடியாமல் வரவேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் இவ்வாறு பட்டினியிருக்கும் முன் தங்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபத்தின் பின்புறம் குழாயடியில் சவுக்காரக் கட்டியும் துண்டுமாக என் தமையனார் நின்றுகொண்டிருப்பார். அவரைக் கடந்துதான் உள்ளே வர முடியும்.